முள்ளை முதலில் எடுங்கள், இறகு அப்புறம்: மூணாறில் கட்டிய சாம்பல் ஸ்ட்ரீமர்

தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பார்த்தேன். ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்கிற போலி இரை, புரளவில்லை, சுற்றவில்லை. முள் கீழே, சிறகு மேலே என்று நேராக வந்தது. இதற்கு முன்னால் கட்டியவை எல்லாம் கையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரில் விட்டால் பம்பரம். இறகை மாற்றினேன், பசையை மாற்றினேன், நூலை மாற்றினேன். கடைசியில் முள்ளை மாற்றியதும் சரியாகிவிட்டது. நடந்த வரிசையிலேயே, அளவுகளோடும் விலையோடும் எழுதிவைக்கிறேன். இங்கே டிரவுட் மீனுக்கு வீச ஆசைப்படுகிற யாருக்காவது பயன்படும்.

ஃபெதர்விங் ஸ்ட்ரீமர் என்பது பூச்சியைக் காட்டி ஏமாற்றுகிற ஃப்ளை கிடையாது. நீளத் தண்டு முள்ளின் இரண்டு பக்கமும் சேவலின் நீள இறகுகளைச் சிறகாகப் படுக்கவைத்துக் கட்டுவது. தண்ணீரில் இழுத்தால் பொடி மீன் ஓடுவதாகப் பெரிய மீன் நினைக்க வேண்டும். நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது கிரே கோஸ்ட். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஏரிக்கரையில் வாழ்ந்த கேரி ஸ்டீவன்ஸ் உருவாக்கியது. தொப்பி தைக்கிற தொழில் தெரிந்த அம்மா, இறகோடு பழகிய கை. 1924 ஜூலை 1 அன்று வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, தானே கட்டிய ஒரு ஸ்ட்ரீமரோடு அப்பர் டாம் என்ற இடத்துக்குப் போய் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ப்ரூக் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். ஒரு பத்திரிகைப் போட்டியில் அது இரண்டாம் பரிசு வாங்க, ஃப்ளை கேட்டு ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. கிரே கோஸ்ட் அதற்குச் சில வருடம் கழித்து வந்தது. அவர் முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் வைத்துக் கட்டியதே இல்லை. முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டே கட்டினார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஆனால் சிறகின் பாகங்களை முன்கூட்டியே பசை போட்டு ஒட்டிவைத்துக்கொள்வார் என்ற விஷயம்தான் பின்னால் எனக்குக் கை கொடுத்தது.

மூலச் செய்முறையில் ஆரஞ்சு உடல், தட்டை வெள்ளிச் சரிகை, மயில் தோகை இழை, வெள்ளை முடி, மஞ்சள் கொண்டை இறகு, பச்சை கலந்த சாம்பல் சேவல் இறகு நான்கு, தோளுக்கு, அதாவது சிறகின் முன்பக்கத்தை மூட, ஒரு வெள்ளி ஃபெசன்ட் பறவையின் இறகு, கன்னத்தில், அதாவது அந்தத் தோளுக்கு மேலே, ஜங்கிள் காக். இதில் கடைசியாகச் சொன்னது வேறு எதுவும் இல்லை, நம்ம சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுதான். நுனியில் எனாமல் பூசியதைப் போல வெள்ளையும் மஞ்சளுமாக மின்னும். இந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழ்கிற பறவை. விடிகாலையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள்ளிருந்து கூவுகிறது. அதைத் தொட முடியாது. 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் கூண்டில் வளர்த்த பறவையின் தோலை வாங்கிக் கட்டுகிறார்கள். நான் கீழே கிடக்கிற இறகைக் கூட எடுப்பதில்லை, கன்னத்துக்கு வேறு வழி பார்த்தேன்.

முதல் வேலை சேவல் இறகு. கோழிக்கடையில் கேட்டால் மூட்டை மூட்டையாகத் தருவார்கள், ஆனால் அது உதவாது. கடையில் கோழியை வெந்நீரில் முக்கித்தான் இறகு பிடுங்குவார்கள். வெந்நீர் பட்ட இறகின் நடுத்தண்டு கோணிப்போகும், வாடையும் போகாது. முக்குவதற்கு முன்னால் இடுப்பிறகை மட்டும் உலர்வாகப் பிடுங்கித் தரச் சொன்னேன். கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். "என்ன அண்ணாச்சி, எல்லாரும் ஈரல் கேப்பாக, நீங்க இறகு கேக்கீய?" என்று சிரித்தார். ஆனாலும் வெள்ளை நாட்டுச் சேவல் வந்த அன்று போன் போட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கறி அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

இடுப்பிறகு என்றால் முதுகின் பின்பக்கம் வாலுக்கு இரண்டு புறமும் தொங்குமே, அது. கழுத்திறகு இன்னும் அகலம்தான், ஆனால் எனக்குக் கிடைத்த சேவல்களில் அதன் நடுத்தண்டு தடித்திருந்தது. தடித்த தண்டு நூலுக்கு அடியில் உருளும். பிடுங்கும்போதே இடப்பக்கத்து இறகு ஒரு காகிதத்தில், வலப்பக்கத்து இறகு இன்னொரு காகிதத்தில் என்று பிரித்துவிட வேண்டும். இடது இறகு ஒரு புறமாக வளையும், வலது மறு புறமாக. ஒரு ஃப்ளைக்கு இரண்டு இடது, இரண்டு வலது. உட்குழிவான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கலந்து போட்டுவிட்டால் பிறகு பிரிக்கிறதுக்குள் கண் போய்விடும்.

பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு தடவை அலசி, துண்டில் விரித்து உலர்த்தி, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வைத்தேன். இறகுப் பேன் இருந்தால் போய்விடும். ஃப்ரீசரைத் திறந்து பார்த்த மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவில்லை.

அடுத்தது சாயம். கறுப்புத் துணிச்சாயத்தை நீர்க்க விட்டால் சாம்பல் வரும் என்ற கணக்கில் ஒரு பாக்கெட் வாங்கினேன். வந்தது கத்தரிப்பூ நிறம். கறுப்புச் சாயம் பல நிறங்களின் கலவை, நீர்த்தால் ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும் போல. வினிகரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், கத்தரிப்பூ கொஞ்சம் வெளுத்ததே தவிர சாம்பலாகவில்லை.

வழி ஃபேக்டரியிலேயே இருந்தது. நான் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ரோலர் பக்கம் வேலை பார்த்து, கொழுந்துச் சாறு பட்ட கையோடு துருப்பிடித்த ஸ்பேனரைப் பிடித்தால் விரல் கறுத்துவிடும். சோப்புக்குப் போகாது, இரண்டு நாள் இருக்கும். இலையில் இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்து எழுதுமை செய்ததும் இப்படித்தான். விரலில் பிடிக்கிறது என்றால் இறகிலும் பிடிக்கும்தானே.

ஒரு கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணி, 200 மி.லி. வெள்ளை வினிகர். ஒரு வாரம் வைத்தால் துருநிறத் தண்ணீர் இறங்கும். மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே வாயு உண்டாகும், தளர மூடி ஜன்னலோரம் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். இன்னொரு பக்கம் அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு பெரிய கரண்டி டஸ்ட் தேயிலையைப் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, விரல் தாங்குகிற சூடு வந்ததும் நனைத்த இறகைப் போட்டு முக்கால் மணி நேரம் ஊறவிட்டேன். கொதிக்கிற டிகாஷனில் போட்டால் இறகு சுருண்டுவிடும். எடுத்துப் பார்த்தால் வெளிறிய பழுப்பு, மனசு விட்டுப்போகும். அலசிவிட்டு, ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் அந்த ஆணித் தண்ணீரை இரண்டு டீஸ்பூன் கலந்து, அதில் இறகை முக்கினேன். கண்ணெதிரிலேயே நுனியிலிருந்து பழுப்பு மங்கிச் சாம்பலாக மாறியது. இரண்டு நிமிடத்தில் வெளிர் சாம்பல், நான்கில் ஈயத்தட்டு நிறம். அடியில் லேசான பச்சைப் பழுப்புச் சாயல் நிற்கிறது. கிரே கோஸ்ட்டுக்குக் கேட்கிற நிறமும் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் கறுக்கட்டும் என்று ஒரு கட்டு இறகை இரும்புத் தண்ணீரிலேயே ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன். காலையில் நல்ல நிறம், ஆனால் விரலால் நீவினால் இழைகள் பொடிந்து உதிர்ந்தன. இரும்பு அதிகமானால் இறகு நொறுங்கும். ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் திரும்பவும் தேயிலையில் ஊறவைத்துவிட்டு முக்குங்கள். கடைசியில் ஷாம்பூ போட்டு நன்றாக அலச வேண்டும்.

இப்போது முள். இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும்.

கடைத்தெருவில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் நீளத் தண்டு முள் இரண்டு வகை கிடைத்தது. ஒன்றுக்கு, தூண்டில் நரம்பைக் கோக்கிற காதே கிடையாது, தண்டின் முனையைத் தட்டையாக அடித்திருப்பார்கள், நரம்பை அதற்குக் கீழே சுற்றிக் கட்ட வேண்டும். ஃப்ளைக்குச் சரிவராது. இன்னொன்றுக்குக் காது உண்டு, தண்டும் போதுமான நீளம், 10 முள் 30 ரூபாய். இதில் கட்டியவைதான் பம்பரமானவை. காரணத்தைக் கண்டுபிடிக்க மேஜைக் கண்ணாடி போதும். முள்ளைக் கண்ணாடி மேல் படுக்கவைத்தால் தண்டும் வளைவும் நுனியும் மூன்றும் கண்ணாடியைத் தொட வேண்டும். இதில் நுனி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மண்புழு கோத்துப் போடுகிறவர்களுக்கு அந்தக் கோணல் நல்லது, மீனின் வாயில் சீக்கிரம் மாட்டும். இரண்டு பக்கமும் சமமாகச் சிறகு வைத்து இழுக்கிற ஃப்ளைக்கு அதுவே எமன், ஒரு பக்கம் தண்ணீரைத் தள்ளிச் சுழலவைக்கும்.

மூக்குப் பிளையரால் நிமிர்த்திப் பார்த்தேன். சில முள் டக்கென்று ஒடிந்தது, சில வளைந்து அப்படியே நின்றது. வைஸில் மாட்டி நுனிப்பக்கம் கட்டைவிரலால் அமுக்கிவிட்டால் நல்ல முள் பழைய இடத்துக்குத் துள்ளி வரும், நகத்தால் சுண்டினால் டிங் என்று கேட்கும். வளைந்தபடியே நிற்கிற முள்ளில் மீன் மாட்டினாலும் நிமிர்த்திக்கொண்டு போய்விடும்.

அப்புறம்தான் ஸ்ட்ரீமருக்கென்றே செய்த முள்ளை ஆன்லைனில் வரவழைத்தேன். பாக்கெட்டில் 6, 8 என்று போட்டிருப்பது முள்ளின் வாய் அகலம், அதாவது தண்டுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. எண் கூடக்கூட முள் சிறிசு. பக்கத்தில் 4 எக்ஸ் லாங், 6 எக்ஸ் லாங் என்றிருப்பது, அந்த எண்ணுக்குச் சாதாரணமாக இருக்கிற தண்டை விட எத்தனை படி நீளம் என்று. 6ஆம் எண், 6 எக்ஸ் லாங் முள்ளில் காதிலிருந்து வளைவு ஆரம்பிக்கிற இடம் வரை என் ஸ்கேலில் 28 மி.மீ. இதைவிட நீளமான 8 எக்ஸ் லாங்கும் வாங்கிப் பார்த்தேன். அதில் கட்டினால் ஃப்ளை படத்தில் பார்க்கிற மாதிரி ஒய்யாரமாக இருக்கும். ஆனால் தண்டு நீள நீள, மாட்டிய மீன் தலையை உதறும்போது அதையே நெம்புகோலாக்கி முள்ளைப் பிடுங்கிவிடும். அதைச் சட்டம் போட்டு மாட்ட வைத்துக்கொண்டேன். அணைத் தண்ணீருக்கு 6 எக்ஸ், ஓடைக்கு 8ஆம் எண்ணில் 4 எக்ஸ். இதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

காதும் முக்கியம். வளையம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கம்பியின் முனை திரும்பி வந்து தண்டோடு ஒட்டிக் கிடக்கிற வகையை எடுத்தேன். நரம்பை அறுக்கிற இடுக்கு அதில் கிடையாது. தலை கட்டுகிற இடம் கொஞ்சம் அகலமாக இருப்பதால் சிறகு உட்காரவும் தோதாக இருக்கும். வளைவு வட்டமா, பின்பக்கம் வெடுக்கென்று திரும்பும் லிமரிக்கா என்பது என் மட்டில் அழகு விஷயம்தான். நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை, ஃப்ளை கட்டுவதற்கு முன்னாலேயே பிளையரால் மெதுவாக அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். முள் ஒடிவதாக இருந்தால் அப்போதே ஒடியட்டும், ஒரு மணி நேர வேலையோடு ஒடிய வேண்டாம்.

உடல் கட்டுவது சுலபம். காதுக்குப் பின்னால் 4 மி.மீ. இடத்தை வெறுமையாக விட்டு, அங்கிருந்து வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்றினேன். காதிலிருந்து திரும்பிய கம்பி முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும். அதை நூலாலேயே நிரவிச் சரிவாக்காவிட்டால் மேலே வருகிற ஆரஞ்சு நூல் அங்கே பிளந்துகொள்ளும். ஆரஞ்சுக்கு எம்பிராய்டரி நூல்கண்டு, ஆறு இழையில் ஒன்றை மட்டும் பிரித்து எடுத்தது. வெள்ளிச் சரிகைக்குப் பூமாலைக்குச் சுற்றுகிற ஜிகினா. ஸ்டீல் ஸ்கேலை வைத்து பிளேடால் ஒரு மி.மீ. அகலத்துக்குக் கீறி எடுத்தால் அச்சு அசல் தட்டைச் சரிகை. ஒரே ஒரு குறை, நகம் பட்டால் வெள்ளி உரிந்துவிடும், அதனால் சுற்றி முடித்ததும் நெயில் பாலிஷ் ஒரு கோட் கொடுத்தேன். தொண்டைக்கு, அதாவது தலைக்குப் பின்னால் அடிப்பக்கத்தில், வெள்ளாட்டு வால் முடி கொஞ்சம், பழனிக்குக் காவடி எடுத்த வீட்டில் மிஞ்சிய மயில் தோகையில் நான்கு இழை. முடியை அதிகமாக வைத்தால் முள்ளின் வாய் அடைபடும்.

சிறகுதான் பாடாய்ப் படுத்தியது. இறகின் நடுத்தண்டு உருண்டை. நூலை இறுக்கினால் உருண்டு, படுத்திருந்த சிறகு எழுந்து நிற்கும். அதற்கு மூன்று விஷயம் செய்தேன். அடியிழைகளை உரித்த பிறகு தண்டின் கடைசி 5 மி.மீ.யைப் பிளையரால் லேசாக நசுக்கித் தட்டையாக்கினேன். கட்டும்போது முதல் இரண்டு சுற்றைத் தளர விட்டு, இறகை இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு மூன்றாவது சுற்றில்தான் இறுக்கினேன். பிறகு கேரி ஸ்டீவன்ஸ் வழி: இரண்டு இறகு, அதன் மேல் தோள், அதன் மேல் கன்னம் மூன்றையும் முன்கூட்டியே ஒட்டி, பழைய டயரிக்குள் அமுக்கிவைத்தேன். இடது ஒன்று, வலது ஒன்று. பசை தண்டு முனையிலிருந்து 7 மி.மீ. வரை மட்டும், அதற்கு மேல் போனால் சிறகு விறைத்துப்போகும். முதலில் வெள்ளைப் பசை போட்டேன், தண்ணீரில் ஊறிக் கழன்றுவிட்டது. செருப்புத் தைக்கிறவர்கள் போடுகிற ரப்பர் பசையைக் குண்டூசி முனையில் தொட்டு வைத்தால் பிடித்துக்கொள்கிறது.

சிறகை உடலின் உச்சியில் கூரை மாதிரி வைக்காமல், பக்கவாட்டில் உடலின் மேல்பாதி மறைகிற மாதிரி சாய்த்துக் கட்ட வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் இறகுக்குக் கீழே ஆரஞ்சும் வெள்ளியும் ஒரு கோடாகத் தெரிய வேண்டும்.

தோளுக்கு வாத்தின் மார்பிறகு. காட்டுக்கோழிக் கன்னத்துக்குப் பதிலாகக் கறுப்புப் பெட்டையின் சின்னக் கழுத்திறகை எடுத்து, நிறமற்ற நெயில் பாலிஷில் முக்கி, விரலால் உருவிக் காயவைத்து, குண்டூசித் தலையால் வெள்ளைப் பாலிஷ் ஒரு நீளப் பொட்டு, அதன் நுனியில் மஞ்சள் பொட்டு. கிட்டத்தில் பார்த்தால் போலி என்று தெரியும். ஓடுகிற தண்ணீரில் மீன் பக்கத்தில் வந்து பார்த்துக்கொண்டு நிற்காது. தலைக்குக் கறுப்பு நூல், நடுவில் சிவப்பாக ஒரு வளையம், மேலே பாலிஷ் மூன்று கோட்.

அனுமதிச் சீட்டு வாங்கி அணைத் தண்ணீரில் போட்டதில், தோட்டத் துரைமார் காலத்தில் விட்ட ரெயின்போ டிரவுட்டின் வம்சம் இரண்டு மாட்டியது, பெரியது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். ஒரு சாண் இழுப்பு, ஒரு நிறுத்தம்; நிறுத்தத்தில்தான் கடித்தன. ஆனால் மாட்டியதை விட வாலை மட்டும் தட்டிவிட்டுப் போனவை அதிகம். சிறகை 50 மி.மீ. வைத்துக் கட்டியிருந்தேன், முள்ளின் வளைவைத் தாண்டி அவ்வளவு தூரம் இறகு ஆடினால் மீன் இறகைத்தான் கடிக்கும். வீசும்போது அந்த நீள இறகு வளைவுக்குள் சுற்றிக்கொண்டு வேறு தொல்லை கொடுத்தது. கத்தரியால் நறுக்கிக் குறைக்கலாம் என்று பார்த்தால் இறகு நுனி மொட்டையாகி ஆட்டமே போய்விட்டது. அடுத்து கட்டியதில் சிறகு 38 மி.மீ., அதாவது தண்டு நீளத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு. தட்டல் குறைந்தது, சுற்றிக்கொள்வதும் நின்றது. ஆகவே நீளத்தை இறகு எடுக்கும்போதே அளந்து, தண்டுப் பக்கம் உரித்துச் சரிசெய்துகொள்ளுங்கள், நுனிப்பக்கம் கை வைக்காதீர்கள்.

செலவு: சாதா வைஸ் 1,300 ரூபாய், நூல்கண்டைப் பிடிக்கிற பாபின் 180, நூல் 120, ஸ்ட்ரீமர் முள் 25 எண்ணம் கூரியரோடு 850. ஜிகினா, எம்பிராய்டரி நூல், பாலிஷ், வினிகர், ரப்பர் பசை எல்லாம் சேர்த்து 200க்குள். வீணான துணிச்சாயமும் கோணல் முள்ளும் ஒரு 150. இறகுக்கு அரைக் கிலோ கறி, அது செலவில் சேராது என்கிறாள் மனைவி.

அடுத்த முறை முள்ளை மேஜையில் வைத்து அளந்துவிட்டு, அந்த அளவுக்கான இறகைத்தான் சாயத்தில் போடப் போகிறேன். இப்போது முக்கிவைத்ததில் பாதி, இந்த முள்ளுக்கு அகலம் அதிகம். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வரும்போது சாம்பல் தெரியுமா என்பது சந்தேகம், அதற்கு ஒரு ஜோடி வெள்ளையாகவே விட்டு 8ஆம் எண் முள்ளில் கட்டவேண்டும். ஜிகினாவை ஒரு மி.மீ.க்குக் கீறுகிற வேலைக்கு இரண்டு பிளேடை இடையில் ஒரு அட்டை வைத்துச் சேர்த்து ஒட்டிப் பார்க்கலாம் என்று யோசனை.